வெல்லத்தின் நிறத்தைப் பார்த்துத் தீர்ப்பு எழுதாதீர்கள்

ஒரு வெல்லக் கொட்டகையைத் திட்டி ஒருவர் போட்ட அந்த வீடியோ இந்நேரம் உங்கள் எல்லோருக்கும் வந்து சேர்ந்திருக்கும். எந்தக் கொட்டகை, எடுத்தவர் யார் என்று இங்கே எழுதப்போவதில்லை. அந்தக் குடும்பத்தைத் தெருவுக்கு இழுத்தது போதும். பாலாற்றுக்குப் பக்கத்து நிலத்தில் இயற்கை முறையில் கரும்பு வைத்து, வயல் ஓரத்திலேயே கொப்பரை போட்டுக் காய்ச்சி, வருகிறவர்களுக்கு ருசி காட்டி விற்கிற வீடு அது. அங்கே போய், தட்டில் வைத்த மூன்று வகை வெல்லத்தையும் வாயில் போட்டுப் பார்த்துவிட்டு, "கறுப்பா இருக்கு, உப்புக் கரிக்குது, கிலோ 140 ரூபாயாம், சுத்த ஏமாத்து வேலை" என்று ஒருவர் பேசிப் போட்டிருக்கிறார். கீழே வரிசையாக நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

வெல்லத்தின் நிறம் அதன் தரத்தைச் சொல்லாது. இந்தப் பதிவில் இதை எத்தனை முறை சொல்ல வேண்டுமானாலும் சொல்வேன், ஏனென்றால் வேலூர்க்காரர்களே இதை மறந்துவிட்டோம். குடியாத்தத்திலிருந்து ஒடுகத்தூர் வரைக்கும் தை மாதத்தில் சக்கைப் புகை வாசம் அடிக்கிற ஊர்க்காரர்கள் நாம். நமக்கே இதை விளக்க வேண்டியிருப்பதுதான் வருத்தம்.

நிறம் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். வெட்டிய கரும்பை அன்றைக்கே, தள்ளிப்போனாலும் 24 மணி நேரத்துக்குள் ஆட்டிவிட வேண்டும். கிடந்த கரும்பில் சுக்ரோஸ் உடைந்து குளுக்கோஸும் ஃபிரக்டோஸுமாகப் பிரியும். அந்தச் சாற்றில் பாகு இறுகாது, நிறமும் சீக்கிரம் கறுக்கும். முற்றாத கொழுந்துப் பகுதியைக் கழிக்காமல் ஆட்டினாலும் இதே கதைதான். மூன்று உருளை ஆலையில் 100 கிலோ கரும்புக்கு 60 முதல் 65 கிலோ சாறு இறங்கும். அதை வடிகட்டிக் கொப்பரையில் ஏற்றி, காய்ந்த சக்கையைப் போட்டு எரிக்கிறார்கள்.

சாறு கொதிப்பதற்கு முன்பே, சுமார் 85 டிகிரியில், அழுக்கு மேலே திரளும். சுண்ணாம்புத் தெளிவு சேர்ப்பது இந்தக் கட்டத்தில்தான். கரும்புச் சாறு இயல்பில் லேசான அமிலம், பி.எச். என்கிற புளிப்பு அளவு 5.2, 5.4 என்று நிற்கும் (எண் குறைந்தால் புளிப்பு அதிகம்). அதை 6.2, 6.4 வரை ஏற்றத்தான் சுண்ணாம்பு. அது குறைந்தால் அழுக்கு சரியாகப் பிரியாது, வெல்லம் இளகும். கூடினால் வெல்லம் நன்றாக இறுகும், ஆனால் செங்கறுப்பாகிவிடும். ஒரு கை சுண்ணாம்புத் தண்ணீரிலேயே நிறம் மாறுகிற பொருள் இது. பிறகு பச்சை வெண்டைத் தண்டை நசுக்கி, தண்ணீரில் ஊறவைத்துப் பிசைந்து, அந்த வழவழப்பான சாற்றை ஊற்றுவார்கள். அது அழுக்கை இழுத்துக்கொண்டு மேலே வரும், சல்லடைக் கரண்டியால் வழித்துப் போட வேண்டும். நுரை பொங்கினால் சில சொட்டு விளக்கெண்ணெயோ கடலை எண்ணெயோ விடுவார்கள்.

அதற்கப்புறம் பதம். 105, 107 டிகிரியில் இறக்கினால் பாகு வெல்லம். 116 முதல் 118 வரை போனால் உருண்டைக்கும் அச்சுக்கும் சரி. 120, 122 என்றால் கிளறிக் கிளறி நாட்டுச் சர்க்கரை ஆக்கலாம். கொட்டகையில் யாரும் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதில்லை. குவளைத் தண்ணீரில் பாகைச் சொட்டி, விரலால் உருட்டி, கெட்டியாக நிற்கிறதா என்று பார்க்கிறார்கள். இரண்டு நிமிடம் தாமதித்தால் அடியில் பிடித்துக் கசப்பு ஏறும். கொப்பரை இரும்பா வேறா, நெருப்பு ஒரே சீராக எரிந்ததா, கரும்பு என்ன ரகம், நிலத்துக்குக் கடைசி மாதங்களில் தழைச்சத்து அதிகம் போனதா, இவை எல்லாம் சேர்ந்துதான் நிறம். கோ 86032 என்ற கரும்பு ரகத்தை ஒரே ஊரில் இரண்டு நிலத்தில் போட்டு, ஒரே ஆள் காய்ச்சினாலும் இரண்டு நிறம் வரும்.

சரி, கடையில் அடுக்கி வைத்திருக்கிற அந்த எலுமிச்சை மஞ்சள் வெல்லம் எப்படி வருகிறது? பல கொட்டகைகளில் அது ஹைட்ரோஸ் போட்ட வெல்லம், அதாவது சோடியம் ஹைட்ரோசல்பைட். காய்ச்சும்போது ஒரு பிடி தூவினால், பார்த்துக்கொண்டிருக்கும்போதே பழுப்புப் பாகு வெளுத்துவிடும். கந்தகம் சேர்ந்த வெளுப்பான் அது. மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. விதிப்படி வெல்லத்தில் கந்தக டைஆக்சைடு 70 பி.பி.எம்.முக்கு, அதாவது பத்து லட்சத்தில் 70 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அளவுக் குடுவை இல்லாமல் கைப்பிடிக் கணக்கில் தூவுகிற இடத்தில் அந்த 70 எங்கே நிற்கும்? இன்னொன்று, அந்த வெளுப்பு நிரந்தரமும் இல்லை. டப்பாவில் சில மாதம் வைத்தால் மெல்ல மெல்லக் கறுத்துவிடும். வீட்டில் வாங்கி வைத்த மஞ்சள் வெல்லம் ஆடி வருவதற்குள் ஏன் நிறம் மாறிவிட்டது என்று யோசித்தவர்களுக்கு இதுதான் காரணம்.

காய்ச்சுகிறவர் ஆசைப்பட்டு ஹைட்ரோஸ் போடுவதில்லை. மண்டியில் வெளுத்த சரக்குக்கு விலை அதிகம், கறுத்த சரக்கைத் தள்ளி வைக்கிறார்கள். மண்டி ஏன் அப்படி வாங்குகிறது? நாம் அப்படி வாங்குவதால். அந்த வீடியோ எடுத்தவரைப் போல் கறுப்பைப் பார்த்து முகம் சுளிக்கிற ஒவ்வொருவரும் ஒரு கொப்பரையில் ஒரு பிடி ஹைட்ரோஸ் போட வைக்கிறோம். இதைச் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை.

"அப்ப கறுப்பா இருந்தா இயற்கைன்னு சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. அடிபிடித்த வெல்லமும் கறுப்புதான். விற்காமல் போன பழைய சரக்கை உருக்கி மறுபடி ஊற்றினாலும் கறுப்புதான். கறுப்பு நிறத்தைக் காட்டி இயற்கை என்று சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் மேலும் எனக்குக் கோபம் உண்டு. நான் சொல்வது ஒன்றுதான்: நிறம் எந்தப் பக்கத்துக்கும் சாட்சி சொல்லாது. வாயில் வைத்துப் பாருங்கள்.

வாயில் வைப்பதற்கும் முறை இருக்கிறது. அந்த வீட்டு அக்கா தட்டில் எடுத்து வந்தபோது சொல்லவும் செய்கிறார், வீடியோவிலேயே கேட்கிறது: "தம்பி, கடிக்காதீங்க, நாக்குல வச்சுக் கரைய விடுங்க." இவர் கடித்து விழுங்கிவிட்டு அடுத்ததை எடுக்கிறார். கொப்பரைப் பக்கத்தில் நின்று சூடாகத் தின்றால் இனிப்பு மட்டும்தான் தெரியும். முதல் நாள் ஊற்றி, ஆறி, இறுகிய உருண்டையைக் கேட்க வேண்டும். முதலில் உடைத்துப் பாருங்கள். உள்ளே பரல் பரலாக மின்னினால் பாகு நன்றாகப் பிடித்திருக்கிறது. விரலில் ஒட்டினால், நூல் இழுத்தால், கரும்பு கிடந்து ஆட்டியதாக இருக்கலாம் அல்லது பதம் வருமுன்னே இறக்கியிருக்கலாம். பட்டாணி அளவு துண்டு போதும். வெளிர் நிறத்தில் தொடங்கி அடர் நிறத்துக்குப் போக வேண்டும், நடுவில் ஒவ்வொரு முறையும் தண்ணீர் குடிக்க வேண்டும். முதலில் வருகிற இனிப்பை விட்டுவிட்டு, கரைந்து முடியும்போது என்ன மிஞ்சுகிறது என்று கவனியுங்கள். புளிப்பு மிஞ்சினால் சாறு நின்று புளித்திருக்கிறது. கடைசியில் கசந்தால் அடிபிடித்தது. தீக்குச்சி கொளுத்தின மாதிரி மூக்கில் ஏறினால் கந்தகம். மீதித் துண்டை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து வைத்தால் மாவோ சுண்ணாம்புத் தூளோ கலந்திருந்தால் அடியில் படியும். இவ்வளவும் செய்ய 10 நிமிடம் ஆகாது. நிறத்தைப் பார்த்துப் பேசுவது அதைவிடச் சுலபம், அதனால்தான் எல்லோரும் அதைச் செய்கிறார்கள்.

இப்போது அந்த உப்பு. அவர் சொன்னதிலேயே எனக்கு அதிகம் வலித்தது அதுதான். உப்புக் கரித்தது உண்மையாகவே இருக்கலாம். கரும்பு, கிணற்றுத் தண்ணீரில் உள்ள உப்பைச் சாற்றுக்குள் கொண்டுவரும். குளோரைடும் பொட்டாசியமும் கூடின சாற்றில் வெல்லம் சற்றுக் கரிக்கும், நிறம் அடரும், மழைக்காலத்தில் சீக்கிரம் கசியும். பாலாற்றங்கரைக் கிணறுகளில் உப்பு ஏறியது எதனால் என்று நமக்குச் சொல்லித் தர வேண்டுமா? வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைக் கழிவு பற்றிய வழக்கில்தான் 1996இல் உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு கட்ட வேண்டும் என்ற கொள்கையை இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. வழக்கின் பெயரிலேயே வேலூர் இருக்கிறது. தண்ணீரைக் கெடுத்தது ஒருவர், அந்தத் தண்ணீரில் விவசாயம் பண்ணி நிற்பது இன்னொருவர், "ஏமாத்துக்காரன்" என்ற பெயர் மட்டும் இவருக்கா?

"அப்படிப்பட்ட தண்ணீரில் விளைந்ததை எப்படி இயற்கை என்று விற்கலாம்?" இது நியாயமான கேள்வி. கிணற்று நீர்ப் பரிசோதனை அறிக்கை இருக்கிறதா என்று கேளுங்கள், கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. வீடியோ எடுத்தவர் அதைக் கேட்கவில்லை. "சான்றிதழ் எங்கே?" என்று மட்டும் கேமராவைப் பார்த்துக் கேட்கிறார். இயற்கை உணவுக்கான 2017ஆம் ஆண்டு விதிமுறைப்படி, ஆண்டு விற்றுமுதல் 12 லட்சம் ரூபாயைத் தாண்டாத சிறு உற்பத்தியாளர் நேரடியாக நுகர்வோருக்கு விற்கும்போது சான்று கட்டாயம் இல்லை. சான்று பெற்ற இயற்கை உணவுக்கான ஜைவிக் பாரத் முத்திரையைத்தான் போடக் கூடாது, அவர்கள் போடவும் இல்லை. சான்று வேண்டுமென்றால் விவசாயிகளே ஒருவர் நிலத்தை ஒருவர் பார்த்து உறுதி சொல்கிற பி.ஜி.எஸ். குழு வழியாகவோ தமிழ்நாடு அங்ககச் சான்றளிப்புத் துறை வழியாகவோ போகலாம். நிலம் இயற்கை முறைக்கு மாறி வருகிற காலத்தில் விளைச்சல் குறையும், விலையோ சாதாரணக் கரும்புக்கான விலைதான். அதைத் தாங்கிக்கொண்டு நிற்கிற வீடுகள் சிலதான்.

சுத்தம் போதாது என்று அவர் சொன்னதில் கொஞ்சம் ஒத்துக்கொள்கிறேன். ஆற வைக்கிற மரத்தொட்டி மேல் வலை போட்டிருக்கலாம். தேனீ வரத்தான் செய்யும், ஆனாலும் வலை போட்டிருக்கலாம். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

விலைக்கு வருவோம். 2024-25 பருவத்துக்கு மத்திய அரசு கரும்புக்கு வைத்த ஆதார விலை, சர்க்கரைக் கட்டுமானம் (கரும்பில் கிடைக்கிற சர்க்கரையின் அளவு) 9.5 சதவீதமும் அதற்குக் கீழும் உள்ள ஆலைகளுக்கு டன்னுக்கு 3,151 ரூபாய். ஒரு டன் கரும்பில் நல்ல கைக்கு 100 கிலோ வெல்லம் வரும். அப்படியானால் கரும்பின் விலை மட்டுமே கிலோவுக்கு 31 ரூபாய் 50 காசு. இது அந்தப் பருவத்தில் ஆலைக்கு அனுப்பினால் கிடைத்த விலை, இயற்கைக் கரும்புக்கு உரிய விலை அல்ல. அதற்கு மேல் வெட்டுக் கூலி, ஆட்டுக் கூலி, கொப்பரைப் பக்கத்தில் மூன்று மணி நேரம் நிற்கிற நான்கைந்து பேருக்குக் கூலி, பெய்த மழையில் சக்கை நனைந்தால் விறகுச் செலவு, சரியாக இறுகாமல் போன கொப்பரையின் நஷ்டம், விளைச்சலில் விழுந்த குறை. எல்லாம் போக மிஞ்சுவதில்தான் அந்த வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு. 140 ரூபாய் அதிகம் என்று நினைப்பவர் வாங்காமல் வரலாம். அதற்கு ஏமாற்று என்று பெயர் வைக்கக் கூடாது.

2022 பொங்கல் பரிசுத் தொகுப்பில் வெல்லம் இளகி வழிகிறது என்று புகார்கள் வந்தது நினைவிருக்கும். இளகுவதற்கு என்ன காரணம் என்று அப்போதும் யாரும் பேசவில்லை. வெட்டிக் கிடந்த கரும்பு, பதத்துக்கு முன்னே இறக்கியது, ஈரக்காற்று என்று ஒரு பட்டியலே இருக்கிறது. அடுத்த ஆண்டுத் தொகுப்பில் வெல்லம் இல்லை, வெள்ளைச் சர்க்கரை வந்தது. ஒழுங்காகக் காய்ச்சினவர்களும் சேர்ந்து இழந்தார்கள். இப்போது ஒரு வீடியோ அதையே ஒரு குடும்பத்துக்குச் செய்கிறது. பருவத்தின் நடுவில், பொங்கல் ஆர்டர் வருகிற நேரத்தில்.

"ஒரு ஆள் கருத்துச் சொன்னதுக்கு இவ்வளவு பேசணுமா?" என்று எழுதப்போகிறவர்களுக்கு: ஆமாம், பேசணும். காசு வாங்காமல் மூன்று வகையைத் தட்டில் வைத்து, குடிக்கத் தண்ணீரும் கொடுத்து, கொப்பரை வரைக்கும் உள்ளே விட்டு, எதையும் மறைக்காமல் காட்டின வீடு அது. ஹைட்ரோஸ் போடுகிறவன் உங்களைக் கொப்பரைப் பக்கம் விடுவானா? கதவைத் திறந்து வைத்ததற்குத் தண்டனை என்றால், நாளைக்கு எல்லாக் கொட்டகையும் கதவைச் சாத்தும். அப்போது நமக்குத் தெரிவது கடை அலமாரியும் அந்த மஞ்சள் நிறமும் மட்டும்தான்.

வீடியோ போட்டவருக்கு ஒரு வேண்டுகோள். நீங்கள் வாங்கி வந்த அரைக் கிலோ இன்னும் உங்கள் வீட்டில் இருக்கும். அதில் பாதியையும், உங்களுக்குப் பிடித்த கடையின் மஞ்சள் வெல்லத்தில் பாதியையும், தனித்தனியாகக் கட்டி, எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. அங்கீகாரம் பெற்ற ஏதாவதொரு ஆய்வகத்துக்குக் கொடுங்கள். கந்தக டைஆக்சைடு எவ்வளவு, சேர்த்த நிறமி உண்டா, மாவு உண்டா என்று இந்த மூன்றையும் கேளுங்கள். கட்டணத்தை நான் தருகிறேன். வருகிற அறிக்கை இரண்டையும், அந்த வீடியோ போட்ட அதே பக்கத்தில், முகம் காட்டி வாசியுங்கள்.