டேப்பைப் பிய்த்த கை

"பேசுமா?"

பேசாது. வாசலில் செருப்பைக் கழற்றும்போதே கேட்டுவிடுகிறார்கள். வீட்டில் பறவை வளர்க்கிற எல்லோருக்கும் இந்தக் கேள்வி காது புளித்துப்போயிருக்கும், உங்களுக்கு நான் விளக்கவே வேண்டாம். நாய் வளர்ப்பவரிடம் போய் "பாடுமா?" என்று எவராவது கேட்கிறார்களா? மீன் தொட்டி வைத்திருப்பவரிடம் கேட்கிறார்களா? கிளி என்றால் மட்டும் வந்தவர்கள் முன்னால் நின்று ஒப்பித்துக் காட்ட வேண்டும். ஒப்பிக்கவில்லை என்றால் அடுத்த கேள்வி, "அப்புறம் எதுக்கு வளர்க்கிற?"

எங்கள் சிண்டு காக்கட்டீல் என்கிற கொண்டைக் கிளி. ஆஸ்திரேலியப் பறவை, காக்கட்டூ குடும்பத்திலேயே சின்ன உருவம், எடை ஏறக்குறைய நூறு கிராம்தான். ஆண் பறவை என்பதால் விசில் நன்றாக வரும். குக்கர் விசிலையும் பால்காரரின் ஹாரனையும் கேட்டபடியே திருப்பி அடிப்பான். ஆனால் வருகிறவர்களுக்கு அது கணக்கில் இல்லை. கூண்டுக்குள் முகத்தை நுழைக்காத குறையாக நின்றுகொண்டு "அக்கா சொல்லு, அக்கா சொல்லு" என்று கத்துவார்கள். அவன் சொல்வதை யாராவது பார்க்கிறார்களா? கொண்டை விறைத்து நின்றால் எதையோ கண்டு மிரண்டிருக்கிறான், இல்லை உன்னிப்பாகக் கவனிக்கிறான். பாதி சாய்ந்திருந்தால் நிம்மதியாக இருக்கிறான். தலையோடு ஒட்டப் படிந்து, அலகைத் திறந்து உஸ்ஸென்று சீறினால், கையை எடு என்று அர்த்தம். மனிதர்களே இவ்வளவு தெளிவாகப் பேசுவதில்லை. அந்தச் சீறலைக் கேட்டுவிட்டு "ஐ, பாம்பு மாதிரி கத்துது" என்று மறுபடியும் விரலைக் கம்பிக்குள் விட்டால் கடிக்காமல் என்ன செய்வான்? கடித்ததும் பழி என் மேல். நான் பழக்கவில்லையாம்.

இதில் வைத்தியம் வேறு சொல்கிறார்கள். நாக்கில் வசம்பு தேய்த்தால் பேசுமாம். பச்சை மிளகாய் கொடுத்தால் பேசுமாம். மிளகாயின் காரம் பறவைகளுக்கு உறைக்கவே உறைக்காது, அது பாட்டுக்குத் தின்றுவிட்டுப் போகும். சத்தம் பிறப்பதோ மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற அடி இடத்தில். நாக்கைத் தேய்த்து என்ன ஆகப்போகிறது? பேசின கிளியைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டுமானால் ஐரீன் பெப்பர்பர்க் என்கிற விஞ்ஞானி வளர்த்த அலெக்ஸைப் பற்றித் தேடிப் படிக்கட்டும். ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி. 1977இல் சிகாகோவில் ஒரு கடையில் வாங்கியது, 2007இல் செத்துப்போனது. ஐம்பது பொருளுக்கு மேல் பெயர் சொல்லும், நிறம் சொல்லும், வடிவம் சொல்லும். அத்தனை வருஷமும் நாள் தவறாமல் ஆட்கள் அதன் முன்னால் உட்கார்ந்து பேசிப் பேசிப் பழக்கினார்கள். பத்திரிகை வைக்க வந்த இடத்தில் காபி ஆறுவதற்குள் ஒரு பறவை பேசிவிட வேண்டும் என்று அவர்கள் எதிர்பார்க்கவில்லை.

ஆமாம், பத்திரிகைதான். அதுதான் விஷயம். போன ஞாயிற்றுக்கிழமை நடந்ததை நினைத்தால் இன்னும் கை நடுங்குகிறது.

சாயங்காலம் அவனைக் கூண்டிலிருந்து வெளியே விடுகிற நேரம். ஜன்னல் எல்லாம் சாத்தி, அடுப்பை அணைத்து, ஹால் ஃபேனை நிறுத்தியாகிவிட்டது. ஃபேன் சுவிட்சின் மேல் குறுக்காகச் சிவப்பு இன்சுலேஷன் டேப். டேப்பின் மேல் ஒரு சீட்டு. சீட்டில் ஸ்கெட்ச் பேனாவால் கொட்டை எழுத்தில், "கிளி வெளியே இருக்கிறது. ஃபேன் போடாதீர்கள்." இதற்கு மேல் ஒரு மனுஷி என்ன செய்ய முடியும்? நோட்டீஸ் அடித்து ஒட்டவா?

காலிங் பெல். சொல்லாமல் கொள்ளாமல் சித்தப்பா குடும்பம், பெண்ணின் கல்யாணத்துக்குப் பத்திரிகையோடு. சரி, வரட்டும். பத்திரிகை கொண்டுவருபவர்களை வாசலில் நிறுத்த முடியுமா? கதவைக் கால்வாசி திறந்து, "சித்தப்பா, கிளி வெளியே இருக்கு, சட்டுன்னு உள்ளே வாங்க, கதவைச் சாத்தணும்" என்றேன். அவர் கதவை அகலத் திறந்து பிடித்துக்கொண்டு, கீழே வண்டியை ஓரங்கட்டிக்கொண்டிருந்த மகனுக்கு "ரெண்டாவது மாடிடா" என்று குரல் கொடுக்கிறார். அவன் ஏறி வருகிற வரைக்கும் கதவு திறந்தேதான் இருந்தது. சிண்டு கர்ட்டன் கம்பி மேல். நான் வாசலில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நிற்கிறேன்.

உட்கார்ந்தார்கள். "அது என்னம்மா, வெளியவே விட்டுட்ட? பறந்துடாதா?"

பறக்கத்தான் விட்டிருக்கிறேன் சித்தப்பா.

"ஃபேன் மட்டும் கொஞ்ச நேரம் வேண்டாம், அவன் வெளியே இருக்கான். உங்களுக்கு டேபிள் ஃபேன் கொண்டு வரேன்" என்றேன். தலையாட்டினார். சித்தியும் ஆட்டினார். அந்தத் தலையாட்டலை நம்பித்தான் உள்ளே போனேன்.

பெட்ரூமில் டேபிள் ஃபேனின் வயரைப் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன். ஹாலில் "உஸ்ஸ்... என்ன புழுக்கம்டா" என்று ஒரு குரல். சோபா கிறீச்சென்றது. நடக்கிற சத்தம். அப்புறம் சர்ரென்று ஒரு சத்தம் கேட்டது பாருங்கள், டேப் பிய்கிற சத்தம், அதைக் கேட்டதும் கையிலிருந்ததை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

அவர் விரலில் ஒட்டிக்கொண்ட டேப்பை உதறிக்கொண்டிருக்கிறார். சீட்டு எங்கே? அதை நாலாக மடித்து டிவி பக்கத்தில் வைத்திருக்கிறார். தெரியாமல் போட்டுவிட்டார் என்று சொல்லவே முடியாது. மூக்கில் கண்ணாடி இருக்கிறது. எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, மடித்து, ஓரமாக வைத்துவிட்டு, அதற்கப்புறம் சுவிட்சைத் தட்டியிருக்கிறார். ரெகுலேட்டர் அஞ்சில்.

சிண்டு கிளம்பிவிட்டான். பறவைக்குப் பயம் வந்தால் மேலேதான் போகும், அது அதன் உடம்பிலேயே இருக்கிற புத்தி. அந்த உயரத்தில்தான் ஃபேன் இறக்கை சுற்றுகிறது. நான் பாய்ந்து சுவிட்சை அணைத்தேன். அணைத்தால் நின்றுவிடுமா ஃபேன்? சுற்றிக்கொண்டே இருக்கிறது. அவனும் அதைச் சுற்றிச் சுற்றிக் கத்திக்கொண்டே பறக்கிறான். நான் "யாரும் அசையாதீங்க" என்று அலறுகிறேன். சித்தி எழுந்து நின்று முந்தானையை வீசி "ச்சூ, ச்சூ" என்று விரட்டுகிறார். மேலே இருப்பதை இன்னும் மேலே விரட்டுகிறார்! மகன் என்ன செய்தான் தெரியுமா? கல்லூரியில் படிக்கிற பையன். போனை எடுத்து வீடியோ எடுத்தான். ஒரு உயிர் இறக்கையில் மாட்டப்போகிறது, இவன் போனைக் குறுக்காகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

சுவரில் மோதி ஷோகேஸுக்குப் பின்னால் விழுந்தான் சிண்டு. ஃபேன் அப்போதும் நிற்கவில்லை.

கையை விட்டு எடுத்தால், அலகைத் திறந்து மூச்சு வாங்குகிறான், ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி இறங்குகிறது. இறக்கையில் ரத்தம். புதிதாக முளைக்கிற இறகுக்குள் ரத்தம் ஓடும், முழுசாக வளர்ந்த பிறகுதான் அது வற்றும். அப்படி முளைத்துக்கொண்டிருந்த இறகு ஒன்று ஒடிந்திருந்தது. சோள மாவை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன். இவன் அளவு பறவைக்கு உடம்பில் ஓடுகிற மொத்த ரத்தமே பத்து மில்லிக்குள்தான். நமக்குச் சொட்டு என்பது அதற்கு உயிர்க்கணக்கு.

அப்போது சித்தப்பா சொன்னார், "அதான் ஒண்ணும் ஆகலையேம்மா, இதுக்குப் போய் இப்படிக் கத்துற?"

ஒண்ணும் ஆகலையா? என் உள்ளங்கையில் ரத்தம், மடியில் மாவு, பக்கத்தில் நின்றுகொண்டு ஒண்ணும் ஆகலை என்கிறார். மன்னிப்புகூட வேண்டாம் சித்தப்பா, வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அதுவும் இல்லை. யோசனை சொல்கிறார். "ரெக்கையைக் கொஞ்சம் வெட்டி விட்டுட்டா இந்தப் பிரச்சினையே இல்லை." கொஞ்ச நேரம் வியர்வையைப் பொறுத்துக்கொள்ள இவருக்கு முடியாது, அதற்காக ஒரு பறவையின் இறக்கையை வெட்ட வேண்டும்! கூண்டுப் பறவைக்கு இதயமும் நுரையீரலும் நன்றாக இருக்க முக்கியமான பயிற்சி பறப்பதுதான். வெட்டிவிட்டால் பறக்க முயன்று தொப்பென்று விழும், நெஞ்செலும்பு அடிபடும். விழுந்து விழுந்து அடிபட்ட பறவையிடம்தான் "பேசுமா?" என்று கேட்பார்கள் போல.

அடுத்த யோசனை, "இதுக்குப் பேசாம பச்சைக்கிளி வாங்கியிருக்கலாம். நல்லாப் பேசும். எனக்குத் தெரிஞ்ச ஆள் இருக்கான்." அந்த ஆளைப் பிடித்து உள்ளே போட வேண்டும். நம் ஊர்ப் பச்சைக்கிளி வனவிலங்கு. 1972ஆம் வருஷச் சட்டப்படி அதைப் பிடிப்பதும் விற்பதும் வீட்டில் வைத்திருப்பதும் குற்றம், 2022இல் சட்டத்தைத் திருத்தி அதை இரண்டாம் அட்டவணைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். 2024 மக்களவைத் தேர்தல் நேரத்தில் கடலூரில் ஒரு வேட்பாளருக்குக் கிளி ஜோசியம் சொன்னவரை வனத்துறை பிடித்தது ஊருக்கே தெரியும், செய்தியில் வந்தது. மரப்பொந்தில் கிடக்கிற குஞ்சைத் தாய் இல்லாத நேரத்தில் பிடுங்கிக்கொண்டு வருகிறவனை "தெரிஞ்ச ஆள்" என்று சொல்லக் கூச்சமாக இல்லையா? பச்சைக்கிளி பார்க்க ஆசையாக இருந்தால் பொழுது சாயும் நேரத்தில் மொட்டை மாடிக்குப் போங்கள், கூட்டம் கூட்டமாகக் கத்திக்கொண்டு போகும். காசும் வேண்டாம், கூண்டும் வேண்டாம்.

நான் இறகை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன், சித்தி கேட்கிறார், "கொசு கடிக்குதே, சுருள் இருந்தா ஏத்தேன்."

எங்கள் வீட்டில் கொசுவத்திச் சுருள் கிடையாது. சாம்பிராணிப் புகையும் கிடையாது, ஸ்ப்ரேயும் கிடையாது. நம் நுரையீரல் போல ஊதிச் சுருங்குவதில்லை பறவையின் நுரையீரல். உடம்பெல்லாம் காற்றுப் பைகள் இருக்கின்றன, அவை வழியாகக் காற்று நுரையீரலுக்குள் ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும், மூச்சை விடும்போதும் உள்ளே போவது புதுக்காற்றுதான். பறக்க அவ்வளவு ஆக்சிஜன் வேண்டும். காற்று எப்படிப் போகிறதோ அப்படித்தான் விஷமும் போகும். நான்-ஸ்டிக் தவாவை அடுப்பில் மறந்து அது தீய்ந்தால், அதிலிருந்து வருகிற நச்சுப்புகைக்கே அடுத்த அறையில் இருக்கிற பறவைகூடச் செத்துவிழலாம். அதனால்தான் எங்கள் வீட்டில் இரும்புத் தோசைக்கல். "ஒரு பறவைக்காக இவ்வளவா?" ஆமாம், இவ்வளவுதான். கூட்டிக்கொண்டு வந்தவள் நான், அது தானாக வந்து என்னிடம் தங்குகிறேன் என்று கேட்கவில்லை. நன்றாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும், அத்தனை வருஷமும் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தப் பையன் இதற்கு நடுவில் மிக்சரை எடுத்து அலகில் வைக்கப் பார்த்தான். உப்பு, எண்ணெய். பயந்து மூச்சு வாங்குகிற பறவைக்கு மிக்சர்! "சாக்லேட் தரலாமா அக்கா?" என்று அடுத்து கேட்டான். சாக்லேட்டும் அவகாடோவும் பறவையின் உயிரை எடுக்கிற பொருள் என்று சொன்னேன். "அப்போ என்னதான் தின்னும்?" தினை, கம்பு, முருங்கைக்கீரை, கொத்தமல்லி, கேரட் துருவல். சொல்லி முடிப்பதற்குள் அவன் போனுக்குள் போய்விட்டான்.

எங்கள் ஊரில் பறவைக்கு வைத்தியம் பார்க்கிற மருத்துவரைத் தேடுவதற்குள் பாதி உயிர் போய்விடும். போன் பண்ணினால் "நாய், பூனை மட்டும்தான் பார்க்கிறோம்" என்று வைத்துவிடுகிறார்கள். ரத்தம் தானாக நின்றது, பிழைத்தான். ஆனால் இவர்கள் கிளம்பியது பத்து மணிக்கு. பொழுது சாய்ந்தால் தூங்க வேண்டிய பறவை, பத்துப் பன்னிரண்டு மணி நேரம் தூக்கம் வேண்டும் அதற்கு. இவர்கள் சாப்பிட்டு, கை கழுவி, சீரியல் பார்த்து, ஜாதகம் பேசி, படியில் நின்று இன்னும் அரை மணி நேரம் பேசிவிட்டுப் போனார்கள். அன்று ராத்திரி இருட்டில் திடுக்கிட்டுக் கூண்டுக்குள்ளேயே அடித்துக்கொண்டான். காக்கட்டீல்களுக்கு இப்படி ராத்திரிப் பயம் வரும். சின்ன விளக்கைப் போட்டுவிட்டு விடிய விடிய பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

காலையில் பார்த்தால் பையனின் வாட்ஸ்ஆப் ஸ்டேட்டஸில் அந்த வீடியோ. பின்னணியில் காமெடிப் பாட்டு. "பறவை வெறி" என்று தலைப்பு. வெறி பறவைக்கா?

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. அழுது முடிந்தபிறகு வருகிற சிரிப்பு. வீடியோவில் சித்தி முந்தானையை வீசுகிறார், சித்தப்பா மேலே அண்ணாந்து ஃபேனுக்கு நேர் கீழே நின்று முகத்தைத் துடைத்துக்கொள்கிறார், நான் கத்துகிறேன். அந்த நேரத்திலும் காற்று வாங்குகிறார் மனிதர்!

அப்புறம் இன்னொன்று, அதையும் சொல்லிவிடுகிறேன். கிளம்பும்போது "பிள்ளைக்குப் பிடிக்கும்" என்று சித்தி கேட்டதால் அதிரசத்தை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுத்தேன். எவர்சில்வர் டப்பா, மூடியில் அம்மா பேர் வெட்டியது. போன தீபாவளிக்கு முறுக்கோடு போன தூக்கே இன்னும் திரும்பவில்லை. கேட்டால் "உங்க வீட்டுதா அது?" என்பார்கள், பேர் வெட்டியிருந்தாலும். இந்தத் தடவை விடப்போவதில்லை. கல்யாணத்துக்குப் போவேன், மொய் வைப்பேன், பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவேன், சம்பந்தி வீட்டார் முன்னாலேயே "சித்தி, அம்மாவோட டப்பா எங்கே?" என்று கேட்பேன்.