அந்த அய்யாவைப் பேச விட்டிருக்க வேண்டும்

ஞாயிற்றுக்கிழமை மதுரை கீழக்குயில்குடி மலையில் நம் குழுவின் மரபு நடையில் நடந்ததை வந்தவர்கள் எல்லாரும் பார்த்தீர்கள். வராதவர்களுக்கும் வாட்ஸ்அப்பில் வீடியோ வந்திருக்கும். யாராவது ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிப்பார்கள் என்று மூன்று நாள் காத்திருந்தேன். குழுவில் புகைப்படங்கள்தான் வந்துகொண்டே இருந்தன. அதனால் எழுதுகிறேன்.

ஆடு மேய்க்க வந்த அந்த அய்யாவைப் பேச விட்டிருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான்.

செட்டிப்புடவில் மகாவீரர் சிற்பத்துக்கு முன்னால் பேச்சு நடந்துகொண்டிருந்தது. ஆடுகளை ஓரமாக விட்டுவிட்டு வந்தவர், "இவரை நாங்க செட்டியார்னுதான் சொல்லுவோம், எங்க தாத்தா காலத்துல..." என்று ஆரம்பித்தார். "அதெல்லாம் கட்டுக்கதைங்க, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, போட்டோவுல விழுறீங்க" என்று மைக்கிலேயே பதில் போனது. சிலர் சிரித்தார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கிப் போய்விட்டார்.

புடவு என்றால் குகை. அந்த நீண்ட காதையும் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கும் தோரணையையும் பார்த்துச் செட்டியார் என்றார்கள் ஊர்க்காரர்கள். குகையும் செட்டிப்புடவு ஆனது. நம் அழைப்பிதழில் கொட்டை எழுத்தில் போட்டது அந்தப் பெயரைத்தானே? பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு, பெயர் வைத்தவர்களின் பேரனைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டோம்.

நேரம் இல்லை, வெயில் ஏறிவிட்டது என்கிறார்கள். குழுப் படம் எடுக்க இருபது நிமிடம் இருந்ததே!

இன்னொரு வாதம் கொஞ்சம் கனமானது. வாய்க்கு வந்த கதையை எல்லாம் அனுமதித்தால் தவறான தகவல் பரவும், வரலாற்றுக்குச் சான்று வேண்டும் என்பது. சரி, ஒப்புக்கொள்கிறேன். அது 9, 10ஆம் நூற்றாண்டுச் சமணச் சிற்பம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் சமணர்கள் இந்த மலையை விட்டுப் போன பிறகு இத்தனை நூற்றாண்டுகள் அந்தச் சிலையோடு வாழ்ந்தவர்கள் யார்? அவர்கள் அதை என்னவென்று நினைத்தார்கள், ஏன் உடைக்காமல் விட்டார்கள்? அதுவும் வரலாறுதானே? மலைக்கு அந்தப் பக்கம் இருப்பது பேச்சிப்பள்ளம். எட்டுச் சிற்பங்கள் வரிசையாக இருக்கும் இடத்துக்கு ஊர் வைத்த பெயரில் பேச்சி என்ற அம்மன் வந்து உட்கார்ந்தது எப்படி என்று எந்தக் கல்வெட்டும் சொல்லாது. ஆடு மேய்க்கிறவர் ஒருவேளை சொல்வார்.

நான் முதல்முதலாக ஒரு நடைக்குப் போனது 2014இல், என் அம்மாவோடு. பேச்சிப்பள்ளத்தில் ஒரு பேராசிரியர் வட்டெழுத்தை, அந்தப் பழைய தமிழ் எழுத்தை, விரலால் தொடர்ந்து நிதானமாக வாசித்தார். அச்சணந்தி என்ற சமணத் துறவியின் தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி என்று வந்தது. அம்மா மூன்றாம் வகுப்பு வரை படித்தவள். சட்டென்று, "அந்தம்மா சொந்தக் காசா சார்?" என்று கேட்டுவிட்டாள். எனக்குக் கூச்சமாகப் போய்விட்டது. அவரோ பாறையிலேயே உட்கார்ந்து, கழுகுமலைக் கல்வெட்டுகளில் வரும் குரத்தியர் என்ற பெண் துறவிகளிலிருந்து ஆரம்பித்து அரை மணி நேரம் பேசினார். அன்று அம்மாவைத் தள்ளி நிற்கச் சொல்லியிருந்தால், நாங்கள் அடுத்த பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போயிருப்போம். திரும்பி வந்தே இருக்க மாட்டோம்.

மதுரைப் பக்கத்து அரிட்டாபட்டியை அதற்குள் மறந்துவிட்டோமா? 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலம் என்று அறிவித்தார்கள். அங்கேயும் குடைவரைக் கோயில் உண்டு, தமிழி என்ற பழைய எழுத்தில் கல்வெட்டு உண்டு. இரண்டே வருடத்தில் அந்தப் பகுதியை டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் விட்டார்கள். கிராம சபையில் தீர்மானம் போட்டதும், 2025 ஜனவரி 7 அன்று மதுரைக்கு நடந்தே வந்ததும் ஊர்க்காரர்கள். அந்த மாதமே ஏலம் ரத்தானது. கல்வெட்டைப் படிக்கத் தெரிந்தவர்கள் துணை நின்றார்கள், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மலைக்கு ஆபத்து என்றால் முதலில் தெருவுக்கு வருகிறவர் இந்த அய்யா மாதிரி ஆள்தான். அவரைத்தான் படத்தில் விழாதே என்றோம்.

மாதக் கூட்டத்துக்கும் வருகிறேன். ஆறு வருடமாக நகரத்து அரங்கில் நாற்காலி போடுவதில் இருந்து நடைக்குப் பொங்கல் கட்டிக் கொண்டுவருவது வரை செய்கிறேன். இத்தனை வருடத்தில் மலையடிவாரத்து ஊர்களிலிருந்து ஒருவரையாவது பேச அழைத்திருக்கிறோமா? இரண்டு முறை கேட்டேன். "பார்க்கலாம்" என்றார்கள். இப்போது எனக்கு மேடை ஆசையாம், அதனால்தான் கிளப்புகிறேனாம். அதைச் சொன்னவர் போன மாதம் என் வீட்டில் சாப்பிட்டவர். அது வலிக்கிறது, மறைக்க விரும்பவில்லை.

இதையெல்லாம் உள்ளுக்குள் பேசியிருக்கலாமே, பொதுவில் எழுதலாமா என்று கேட்பீர்கள். எண்பது பேருக்கு முன்னால் மைக்கில் சொன்னதற்கு உள்ளுக்குள் என்ன பேசுவது? அந்த நேரத்தில் நானும் வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தக் குற்றம் என்னுடையது.

நேற்று சாயங்காலம் தனியாகப் போனேன். அய்யனார் கோயில் பக்கம், தாமரைக் குளத்தங்கரையில் கொஞ்ச நேரம் நின்றதும் அந்த அய்யா வந்தார். மன்னிப்புக் கேட்டேன். "அதுக்கென்ன தாயி, படிச்சவுக சொல்றாக" என்றார். அன்று சொல்ல வந்தது என்னவென்று கேட்டேன். தாத்தா காலத்துல என்று ஆரம்பித்தீர்களே, அப்புறம் என்ன என்று. மலைப் பக்கம் பார்த்தார். "ஆடு மேல ஏறிருச்சு தாயி, இன்னொரு நாள் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.