செவ்வாய்க்கிழமையை விட்டா வேற நாளே இல்லையா

அமெரிக்காவுல எலெக்‌ஷன் அன்னிக்கு ஒரு லீவு விடுறதுக்கு இவ்ளோ யோசிக்கணுமான்னு எனக்கு ஆத்தாமையா இருக்கு. நவம்பர்ல முதல் திங்கள் முடிஞ்சு வர்ற செவ்வாய்னு 1845ல போட்ட சட்டம், அப்போ விவசாயிங்க குதிரை வண்டில வரணும், ஞாயிறு சர்ச், புதன் சந்தை, அதனால செவ்வாய் வசதியா இருந்துச்சு, சரி, இப்போ யாரு வண்டி கட்டிட்டு வர்றா?

போன தடவை விடியக்காலையிலயே வரிசைல போய் நின்னேன். எனக்கு முன்னாடி ரெண்டு சின்னப் பசங்களோட நின்ன ஒரு அம்மா, ஷிஃப்டுக்கு நேரமாச்சுன்னு ஓட்டு போடாமலே கிளம்பிட்டாங்க, அந்த முகம் இன்னும் கண்ணுக்குள்ளயே நிக்குது.

2019ல கீழ்சபைல பாஸான பெரிய தேர்தல் சீர்திருத்த மசோதாவுல இந்த லீவும் இருந்துச்சு, செனட்ல எடுத்துக்கவே இல்ல. ஆனா 2021ல, அடிமை முறை ஒழிஞ்சதைக் கொண்டாடுற ஜூன் 19 ‘ஜூன்டீன்த்’ நாளுக்கான லீவு மசோதா ரெண்டு சபையிலயும் அடுத்தடுத்த நாள் பாஸாகி மறுநாளே கையெழுத்தாச்சு, நல்ல விஷயம்தான், அப்போ மனசு வச்சா முடியும்ல? வர்ஜீனியா 2020லயே மாநில லீவு ஆக்கிடுச்சு.

இதுல இன்னொண்ணு, ஃபெடரல் லீவுன்னு, அதாவது மத்திய அரசு லீவுன்னு அறிவிச்சாலும் தனியார் கம்பெனி விடணும்னு கட்டாயம் இல்ல. கடையில, ஹோட்டல்ல நிக்கிறவங்களுக்குத்தான் இது ரொம்ப அவசியம், அவங்களுக்கும் சம்பளத்தோட ரெண்டு மூணு மணி நேரமாவது கண்டிப்பா விடணும்னு அதே சட்டத்துலயே எழுதுங்கப்பா.