கொப்பியில் காலியாகக் கிடக்கும் இரண்டு பக்கங்கள்

நேற்று இரவு எங்கள் பறவை பார்க்கும் குழுவின் கொப்பியை முதலிலிருந்து புரட்டிக்கொண்டிருந்தேன். ஒக்டோபர் இருக்கிறது, ஜனவரி இருக்கிறது, நடுவில் நவம்பரும் டிசம்பரும் இல்லை. பறவைகள் வராமல் போகவில்லை. எனக்கு டெங்கு வந்தது, பிறகு உடம்பு தேற நாளெடுத்தது, நான் போகாததால் ஒருவருமே போகவில்லை.

அதுவும் எந்த மாதங்கள் பாருங்கள். வலசைப் பறவைகள் நம் பக்கம் செப்டெம்பர் தொடங்கி ஏப்ரல் வரைக்கும் தங்கும். திருகோணமலைக்கு வெளியூர்ச் சனம் வருவது கடல் அமைதியாக இருக்கும் காலத்தில், பறவைகள் வருவதோ மாரியில். நிலாவெளிக் கரையில் படகுகளை எல்லாம் இழுத்துப் போட்டிருக்கும் அந்த நாட்களில்தான் குளத்தில் நீலச்சிறகியும் மீசை ஆலாவும் இறங்கும். இமயமலை அடிவாரத்திலிருந்து இவ்வளவு தூரம் பறந்து வந்து நம் வளவுப் பற்றைக்குள் கூப்பிடும் ஆறுமணிக்குருவியும் அப்போதுதான் இருக்கும். அந்த நேரத்தில் எங்கள் கொப்பி மூடிக் கிடந்தது.

குழு தொடங்க ஆசைப்படும் தம்பி தங்கச்சிமார் இன்பொக்ஸில் கேட்பதெல்லாம் எந்தக் கமரா நல்லது, எந்த பைனாகுலர் வாங்கலாம் என்றுதான். 8×42 பைனாகுலர் இரண்டு இருந்தால் போதும், பதினைந்து பேர் மாறி மாறிப் பார்க்கலாம். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: நீங்கள் போகாத ஞாயிற்றுக்கிழமையும் உங்கள் குழு போகுமா? எனக்கு அது படுத்த படுக்கையில்தான் உறைத்தது. பஸ் நேரம் பார்ப்பது, பெற்றோருக்கு அழைத்துச் சொல்வது, வாட்ஸ்அப்பில் நினைவூட்டுவது, பட்டியல் எழுதுவது என்று எல்லாவற்றையும் நானே இழுத்துப் போட்டுச் செய்தேன், அதை அர்ப்பணிப்பு என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன். அது பிழை. மற்றவர்கள் பழகிக்கொள்ள நான் இடமே விடவில்லை.

எங்கள் நடை மாதத்தின் முதல் ஞாயிறு, பெரியகுளத்து அணைக்கட்டில், காலை 6 மணியிலிருந்து 8 மணி வரை. ஒவ்வொரு மாதமும் அதே இடம்தானா என்று அலுத்துப்போய்ச் சிலர் நின்றுவிட்டார்கள். புறாமலைக்குப் போவோம், குமனவுக்குப் போவோம் என்கிறார்கள். போவோம், நானும் ஆசைப்படுகிறேன், ஆனால் அது சுற்றுலா. ஒருநாள் குளக்கட்டில் மாடு சாய்த்துக்கொண்டு வந்த ஐயா ஒருவர், “முந்தி இந்தக் குளத்தில தாரா இறங்கினா தண்ணி தெரியாது தம்பி” என்றார். நான் அவரை நம்புகிறேன். ஆனால் அன்றைக்கு யாரும் எண்ணி எழுதவில்லையே, எவ்வளவு குறைந்தது என்று யாரிடம் எதைக் காட்டுவது? ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பை 1987இலிருந்து ஒவ்வொரு ஜனவரியும் நடத்துகிறார்கள், அதில் எண்ணுகிறவர்களில் பெரும்பாலானோர் சம்பளம் வாங்காத நம்மைப் போன்றவர்கள். அவர்கள் வருடா வருடம் அதே குளங்களுக்குத் திரும்பப் போவதால்தான் கூடியதும் குறைந்ததும் தெரிகிறது.

அந்த இரண்டு பக்கத்தையும் மற்ற மாதங்களைப் பார்த்து உத்தேசமாக நிரப்பிவிடலாம் என்று நல்ல மனதோடுதான் ஒரு தம்பி சொன்னார். கூடாது என்றேன். போய்த் தேடியும் காணவில்லை என்பது ஒரு செய்தி, ஒருவருமே போகவில்லை என்பது வேறு செய்தி. பறவைப் பட்டியல்களைச் சேர்க்கும் ஈபேர்ட் இணையத்தளத்தில் பட்டியல் போடும்போதுகூட, கண்டு அடையாளம் தெரிந்த எல்லாவற்றையும் எழுதினீர்களா என்று தனியாகக் கேட்பார்கள், காணாததற்கும் பெறுமதி இருப்பதால்தான் அந்தக் கேள்வி. ஆகவே இரண்டு பக்கத்திலும் “யாரும் போகவில்லை” என்று மட்டும் எழுதி வைத்தோம்.

ஜனவரியிலிருந்து வேலையைப் பிரித்திருக்கிறோம். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, இன்னொருவர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும், மாதாமாதம் ஆள் மாறும். கமராக்காரர் எண்ணி முடியும்வரை பின்னால்தான் நடக்க வேண்டும், முன்னுக்குப் போய்ப் பறவையைக் கிளப்பினால் எண்ணிக்கையே பிழையாகிவிடும். கடற்படை முகாம் இருக்கும் பக்கம் பைனாகுலரைத் திருப்பக் கூடாது என்பதையும் முதல் நாளே சொல்லிவிடுகிறோம், நம் ஊரில் பெற்றோர் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது, அதைச் சின்ன விஷயமாக எடுக்க முடியாது. இப்போது சிங்கள நண்பர்கள் இரண்டு பேரும் வருகிறார்கள். நாங்கள் ஆறுமணிக்குருவி என்பதை அவர்கள் அவிச்சியா என்கிறார்கள், கொப்பியில் இரண்டு பெயரும் இருக்கிறது.

போன மாதம் வேலை விஷயமாகக் கொழும்பில் நின்றதால் என்னால் போக முடியவில்லை. 8.20க்கு ஃபோனில் ஒரு படம் வந்தது. ஏலெவல் படிக்கும் கிண்ணியாப் பிள்ளை ஒருவரின் கையெழுத்து, மழையில் மை கொஞ்சம் ஊறியிருந்தது, 23 இனங்கள். நத்தைகொத்தி நாரைக்கு நேரே 14 என்று எழுதி, வெட்டி, 16 என்று திருத்தியிருந்தார். திரும்ப எண்ணியிருக்கிறார்.