எவ்வளவு எடுக்கட்டும் அக்கா?

போன சனிக்கிழமை முடி வெட்டிக்கொண்டு வந்தேன். இன்றோடு ஆறு நாள். இரண்டு தரம் முழுகிவிட்டேன், நாலு நாள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு பரந்தனிலிருந்து கிளிநொச்சிக்கு வேலைக்குப் போய் வந்துவிட்டேன். இன்னும் கண்ணாடியைத் தாண்டிப் போகிற நேரமெல்லாம் நின்று பார்க்கிறேன். என் முடி இவ்வளவு வடிவானது என்று இத்தனை வருஷமாக எனக்குத் தெரியாது.

எனக்குச் சுருட்டை முடி. அப்பம்மாவின் முடி என்று சொல்வார்கள். அதை எப்போதும் ஒரு பிரச்சினையாகத்தான் எல்லோரும் பேசியிருக்கிறார்கள். எண்ணெய் வை, இழுத்துக் கட்டு, அடக்கிப் பின்னு. பள்ளிக்கூடத்தில் இரட்டைப் பின்னல், பிறகு வேலைக்குப் போகத் தொடங்கியதும் கொண்டை. விரித்துவிட்டு வீட்டுப் படலை தாண்டியதாக நினைவே இல்லை.

ஏ9 வீதியிலிருந்து உள்ளே இறங்கும் ஒரு ஒழுங்கையில் அந்தச் சின்னப் பியூட்டி பாலர் இருக்கிறது. இரண்டு கதிரை, ஒரு பெரிய கண்ணாடி, அவ்வளவுதான். நடத்துகிற தங்கச்சி கொழும்பு வெள்ளவத்தையில் சில வருஷம் வேலை பழகிவிட்டு ஊருக்குத் திரும்பியவள். கூட வேலை செய்கிற ஒரு அக்கா சொல்லித்தான் போனேன். போய் இருந்ததும் கொண்டையை அவிழ்த்தாள். கத்தரியை எடுக்கவில்லை. பின்னால் ஒரு ஸ்டூலைப் போட்டு இருந்துகொண்டு கேட்கத் தொடங்கினாள்.

"எத்தினை நாளைக்கு ஒருக்கா முழுகுறனீங்கள் அக்கா? காலமை தலைக்கு எவ்வளவு நேரம் இருக்கு? ஹெல்மெட் போடுறனீங்களோ? கிணத்துத் தண்ணியோ, குழாய்த் தண்ணியோ?"

கடைசியாக, "எவ்வளவு எடுக்கட்டும் அக்கா?"

நான் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். அந்தக் கேள்வியை என்னிடம் இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

2009 சித்திரையில், யுத்தம் முடிகிற நேரம், இடம்பெயர்ந்த எங்களைச் செட்டிகுளத்து மெனிக்பாம் அகதி முகாமுக்குக் கொண்டுவந்தபோது எனக்கு 12 வயது. ஒரு கூடாரத்துக்குள் மூன்று குடும்பம். குடிக்கிற தண்ணீருக்கே வரிசை, முழுகுவதைப் பற்றிப் பேச்சே இல்லை. தலை நிறையப் பேன். அம்மா பக்கத்துக் கூடாரத்தில் ஒரு கத்தரி இரவல் வாங்கிவந்து, என்னைக் குந்தவைத்து, காது தெரிய வெட்டினார். அழுதுகொண்டே வெட்டினார். அவரிடம் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அந்த இடத்தில் நான் தாயாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

அடுத்த கூடாரத்தில் ஒரு அக்கா இருந்தார். அவருக்கு ஏற்கனவே கட்டை முடி. வன்னியில் அந்தக் காலத்தில் ஒரு இளம்பெண்ணின் கட்டை முடிக்கு ஒரே அர்த்தம்தான். யுத்தத்தின் கடைசிக் காலத்தில் இயக்கம், அதாவது விடுதலைப் புலிகள், பிடித்துக்கொண்டு போன பெண்பிள்ளைகளுக்கு முடியை வெட்டிவிட்டார்கள். தப்பி வந்தாலும் அடையாளம் தெரிந்துவிடும். பிறகு இராணுவத்தின் பக்கம் வந்தபோது, அதே முடியைப் பார்த்துத்தான் ஆமிக்காரர் தனியே கூப்பிட்டு விசாரித்தார்கள். அந்த அக்கா செட்டிகுளத்து வெயிலிலும் தலையில் போட்ட துவாயை எடுக்கமாட்டார். அந்தத் துவாய் இன்றைக்கும் என் கண்ணுக்குள் நிற்கிறது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் முடி வளர்ப்பது வெறும் வடிவுக்காக இல்லாமல் போய்விட்டது. பிள்ளையின் பின்னல் நீள நீளத்தான் அம்மாவுக்கு நிம்மதி. எனக்கு அது விளங்கியது, அதனால் நானும் வாய் திறக்கவில்லை. இரண்டு வருஷத்துக்கு முதல் ஒரு இடத்தில் நுனி மட்டும் வெட்டப் போனேன். என்னவென்று கேட்காமலே தலையை நனைத்து, சீவி இழுத்து, அடியில் நேர்கோடாக வெட்டிவிட்டார்கள். காய்ந்ததும் மேலே படிந்து, கீழே ஓலைக்கூரை இறக்கியதுபோல விரிந்துநின்றது. அன்றைக்கே கொண்டையைப் போட்டு மூடிவிட்டேன்.

அது என் முடியின் குற்றம் இல்லையாம், வெட்டிய விதத்தின் குற்றமாம். இதை அந்தத் தங்கச்சி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். சுருட்டை முடி ஈரத்தில் நீண்டு தொங்கும், காயும்போது சுருண்டு மேலேறும். ஈரத்தில் இழுத்துப் பிடித்து வெட்டினால் நினைத்ததைவிடக் கூடப் போய்விடும். அதுவும் ஒவ்வொரு சுருளும் ஒவ்வொரு அளவில் ஏறும். நெற்றிப் பக்கத்துச் சுருள் ஒரு மாதிரி, பிடரிப் பக்கம் இன்னொரு மாதிரி. ஆகவே அவள் காய்ந்த முடியிலேயே வெட்டினாள். ஒரு சுருளைக் கையில் எடுப்பாள், எங்கே வந்து நிற்கிறது என்று பார்ப்பாள், வெட்டுவாள், விடுவாள், தள்ளிநின்று பார்ப்பாள். உள்ளே லேயராக இறக்கி, கீழே சேர்ந்த பாரத்தைக் குறைத்தாள். முடியை ஐதாக்குகிற பல்லுக் கத்தரியைத் தொடவே இல்லை. சுருட்டை முடியில் அது பட்டால் சிலும்பிக்கொண்டு நிற்கும் என்றாள். முழுதாக ஒன்றேகால் மணித்தியாலம் எடுத்தது. அவ்வளவு நேரமும் அவளுடைய கண் என் தலையிலேயே இருந்தது. ஒருமுறைகூடப் போனைப் பார்க்கவில்லை.

நுனி பிளந்ததற்கு நான் நல்லெண்ணெயும் செவ்வரத்தை இலையும் வைத்துவந்தேன். எண்ணெய் வழுவழுப்பைத் தரும், உடைவதைக் குறைக்கும், ஆனால் பிளந்ததை ஒட்டவைக்காது, அதை வெட்டத்தான் வேண்டும் என்றாள். முடி மாதத்துக்கு ஏறத்தாழ 1 சென்ரிமீற்றர்தான் வளருமாம். கணக்குப் பார்த்தால் என் இடுப்பில் கிடந்த நுனிக்கு 5 வயது இருக்கும். 5 வருஷ வெயில், 5 வருஷச் சீப்பு. தண்ணீரும்தான். எங்கள் பக்கத்துக் கிணற்றுத் தண்ணீர் கொதித்துக் கொதித்துக் கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிகிறது அல்லவா, அந்தக் கல்சியம் சவர்க்காரத்தோடு சேர்ந்து முடியிலும் படிகிறது. தலைக்குச் சவர்க்காரம் போடாதீர்கள், கடைசி வாளித் தண்ணீரில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி விடுங்கள், மாரி வந்தால் கூரைப் பீலியால் வடிகிற மழைத் தண்ணீரைப் பிடித்து முழுகுங்கள் என்றாள். காசு செலவில்லாத புத்திமதி. அவளுடைய அலுமாரியில் இருந்த போத்தல்களில் ஒன்றையாவது என் தலையில் கட்டப் பார்க்கவில்லை.

இதை இவ்வளவு விரிவாக எழுதக் காரணம் இருக்கிறது. நான் இருந்த ஒன்றேகால் மணித்தியாலத்துக்குள் இரண்டு பேர் வந்து விலை கேட்டார்கள். 1500 ரூபா என்றதும், "முடி வெட்டத்தானே" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மணப்பெண் அலங்காரத்துக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிற அதே ஆட்கள்தான் நாங்கள். முடிவெட்டும் தொழிலைச் சாதியோடு முடிச்சுப்போட்டுக் கீழாகப் பார்த்த சமூகம் எங்களுடையது. அந்தப் பார்வை இன்னும் முழுதாகப் போகவில்லை என்று அந்த "தானே" எனக்குச் சொன்னது. தையல் பழகு, கம்பியூட்டர் பழகு என்று பெண்பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். முடி வெட்டப் பழகு என்று எத்தனை வீட்டில் சொல்கிறோம்? அதற்கும் இந்த நாட்டில் என்விகியூ என்கிற தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் இருக்கிறது, அதுவும் வருஷக்கணக்கில் கை பழகவேண்டிய வேலை. கொழும்பில் தொழில் பழகிய ஒரு பிள்ளை அங்கேயே நின்றிருக்கலாம், வெளிநாட்டுக்குப் போயிருக்கலாம். திரும்பிக் கிளிநொச்சிக்கு வந்து கடை திறந்திருக்கிறாள். அவளிடம் போய்ப் பேரம் பேசாதீர்கள். கேட்கிற காசைக் கொடுங்கள்.

அவள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, தோளில் முட்டுகிற அளவில் வேண்டும் என்றேன். "வடிவாச் சொல்லுங்கோ அக்கா, வெட்டினாப் பிறகு ஒட்டேலாது" என்று திரும்பவும் ஒருமுறை கேட்டாள். தோளில் விரலை வைத்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் கத்தரியை எடுத்தாள்.

வீட்டுக்கு வர அம்மா முற்றம் கூட்டிக்கொண்டு நின்றார். விளக்குமாற்றைச் சாத்திவிட்டு வந்து என்னைத் திருப்பி நிறுத்தி, பிடரியில் கையை வைத்து நுனிகளைத் தடவிப் பார்த்தார்.

"எவ்வளவு எடுத்தவள்?"

"ஒரு முழத்துக்குக் கிட்ட."

"நீ சொல்லியோ?"

"ஓமம்மா. நான் சொல்லித்தான்."

கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றார். பிறகு ஒரு சுருளை விரலில் சுற்றி விட்டுப் பார்த்து, "அப்பம்மான்ர முடிதான்" என்றார்.