குடை விரிந்ததா இல்லையா?

குழந்தைகள் சேனலில் இரண்டு நிகழ்ச்சிகளுக்கு நடுவே ஒரு குட்டி அனிமேஷன் படம் வருகிறது. களிமண் பொம்மை ஒன்று குடையோடு மல்லுக்கட்டும். பேச்சே கிடையாது, ஆனாலும் வீடே சிரிக்கும். யார் எடுத்தது என்று பார்க்கலாமென்றால், பெயர்ப் பட்டியலைத் தபால்தலை அளவுக்குச் சுருக்கி ஓரத்தில் தள்ளிவிடுகிறார்கள். நிகழ்ச்சி நிரலிலும் அதன் பெயர் இல்லை. 22 நிமிடத் தொடரை அரைமணி நேரத்தில் வைத்தால் மிஞ்சும் ஓட்டையை அடைக்கும் பஞ்சுதானே அவர்களுக்கு அது! இந்த மாதிரிப் படத்தில் நொடிக்கு 24 ஃபிரேம்கள், அதாவது தனித்தனி அசையாப் படங்கள். இரண்டு ஃபிரேமுக்கு ஒருமுறை பொம்மையைக் கொஞ்சம் நகர்த்திப் படமெடுத்தாலும் ஒரு நிமிடப் படத்துக்கு அதை 720 முறை கையால் தொட்டாக வேண்டும். அத்தனை உழைப்பையும் பாதியில் வெட்டிவிட்டு விளம்பரம் போடுகிறார்கள். நேற்றும் அப்படித்தான். குடை விரிந்ததா என்று மகள் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். எனக்கும்தான் தெரிய வேண்டியிருக்கிறது.