நித்திய ஜீவன் கல்லறைக்கு அப்பால் மட்டும் இல்லை

எங்கள் திருநெல்வேலிச் சீமையின் அடக்க ஆராதனைகளில், அழுகிறவர்களைப் பார்த்து "அழாதீர்கள், அவர் பரலோகம் போய்விட்டார்" என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. அந்த ஆறுதலில் நம் விசுவாசத்தின் பாதிதான் இருக்கிறது என்பது என் கருத்து. இறந்துபோன தம் நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போவதை அறிந்திருந்த இயேசுவே அவனுடைய கல்லறைக்குப் போகும் வழியில் கண்ணீர் விட்டார் என்றால், அழுகிறவர்களைத் தடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது?

ஞாயிறுதோறும் எழுந்து நின்று, நம் விசுவாசத்தின் அறிக்கையாகிய விசுவாசப்பிரமாணம் சொல்லுகிறோமே, அதில் ஆத்துமா உடலை உதறிவிட்டு மேலே போய்விடும் என்று நாம் அறிக்கையிடுவதில்லை. சரீரம் உயிர்த்தெழுதலும் நித்திய ஜீவனும் உண்டென்றே அறிக்கையிடுகிறோம். வேதத்தின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தின் 21ஆம் அதிகாரமும், மனிதர் பூமியைக் கைவிட்டு ஏறிப்போவதைக் காட்டாமல், புதிய எருசலேம் தேவனிடத்திலிருந்து இறங்கி வருவதையும் அவர் மனிதரிடையே வாசம்பண்ணுவதையும் காட்டுகிறது. இயேசுவோடு சிலுவையில் அறையப்பட்டு மனந்திரும்பிய கள்ளனுக்கு அன்றைக்கே பரதீசு வாக்களிக்கப்பட்டது உண்மைதான். ஆனாலும் கிறிஸ்துவோடு இளைப்பாறுகிறவர்களும் உயிர்த்தெழுதலுக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதே திருச்சபையின் போதனை. மரித்தவர்களின் ஆத்துமாக்கள் சுத்திகரிக்கப்படும் இடமென்று சொல்லப்படும் உத்தரிக்கிற ஸ்தலத்தைப் பற்றிக் கத்தோலிக்கருக்கும் சீர்திருத்தச் சபையாராகிய நமக்கும் கருத்து வேறுபாடு உண்டு. இந்த நம்பிக்கையில் வேறுபாடில்லை.

அதைவிட முக்கியமானது யோவான் 17:3. மெய்த்தேவனையும் அவர் அனுப்பின இயேசு கிறிஸ்துவையும் அறிவதே நித்திய ஜீவன் என்று அங்கே சொல்லப்படுகிறது. அப்படியானால் அது இங்கேயே, நம் தெருவிலேயே தொடங்கிவிடுகிறது. சகல தேசத்தாரிலும் பாஷைக்காரரிலுமிருந்து வந்த திரள்கூட்டம் சிங்காசனத்துக்கு முன் நிற்கும் என்று நம்புகிறவர்கள், அந்த வாழ்வின் சாயலை இன்றே காட்டக் கடமைப்பட்டவர்கள்.

நம் சீமையின் வடக்கன்குளத்தில் சாதிக்கு ஒரு பகுதியாக மக்களைப் பிரித்து வைக்கும் சுவரோடு ஒரு கத்தோலிக்கக் கோயில் கட்டப்பட்டிருந்தது. 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டபோது வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. ஒரே விசுவாசப்பிரமாணத்தைச் சொன்னவர்கள் வழிபாட்டில் ஒன்றாக நிற்க மறுத்தார்கள் என்பதை நினைக்க எனக்கு இன்றும் நெஞ்சு பதறுகிறது. கத்தோலிக்கரின் பழைய கதை அது என்று சீர்திருத்தச் சபையாராகிய நாமும் ஒதுங்கிக்கொள்ள முடியாது. ஒரே பாத்திரத்தில் நற்கருணை எடுத்தவர்களைச் சாதி பார்த்துத் தனித்தனியே புதைக்கும் வழக்கம் தமிழ்நாட்டில் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. கடைசி எக்காளம் தொனிக்கும்போது ஒன்றாக எழுந்திருக்கப்போகிறவர்கள் என்று நாம் நம்புகிறவர்களுக்கு நடுவே எதற்காக வேலி? இந்த ஆண்டு கல்லறைத் திருநாளுக்கு முன்பாகவே ஒவ்வொரு சேகரத்தின் (ஒரு போதகரின் பொறுப்பிலுள்ள சபைகளின்) கமிட்டியும் இதைப் பேசி முடிவெடுக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.